பழந்தெய்வம் தேடிய பெண்மணி

சமயம் என்பது பெரும்பாலோர்க்குப் பிறப்போடு வருவது. தாய்மொழியைத் தேர்ந்தெடுத்துக் கற்பார் எவருமில்லை. அது தாயின் மடியிலிருந்தே வந்து சேருகிறது. சமயமும் அவ்வாறே தொட்டிலையும் வீட்டையும் பாடசாலையையும் சூழ்ந்து நின்று, மனிதன் தன்னை அறியும் முன்னரே அவனைத் தன்னுடையவனாக்கி விடுகிறது. ஆயினும், வளர்ந்த பின்னர் அச்சமயத்தை விட்டு வேறொன்றை நாடிச் செல்வோர் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். அவர்களுடைய வரலாறு எளிய வரலாறன்று. பிரிந்து செல்பவரின் உள்ளத்திலும் அவரைப் பிரியும் பெற்றோரின் உள்ளத்திலும் அது தழும்பை விட்டே செல்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்திலே தோன்றிய ஒரு புதுமையான சமய இயக்கம் இவ்வகையில் ஆராய்வதற்குரியது. விக்கா என்பது அதன் பெயர். பழைய ஆங்கில மொழியிலே மந்திரவாதியைக் குறித்த சொல் அது. ஒரே கடவுளை வணங்கும் கிறித்தவ வீடுகளில் பிறந்து, ஞாயிறுதோறும் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த ஆண்களும் பெண்களும், ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புடைய ஓர் ஆண் தெய்வத்தையும், அவர்களோடு வேறு பல தெய்வங்களையும் வழிபடத் தலைப்பட்டனர். கல்வியும் விஞ்ஞானமும் ஓங்கிய நாடொன்றில் இஃது எவ்வாறு நிகழ்ந்தது? அதன் தொடக்கத்தில் இலங்கைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பது நேயர்கள் பலருக்கு வியப்பளிக்கக் கூடும்.

முதலிற் பழைய கதையைச் சிறிது நோக்குதல் வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலே சூனியக்காரர் எனக் குற்றஞ் சாட்டப்பட்டோர் ஆயிரக் கணக்கிற் கொல்லப்பட்டனர். இக்காலத்து வரலாற்றறிஞர் அவர்களின் தொகையை 40,000 முதல் 60,000 வரை என மதிப்பிடுவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் பலர் வறியவர், முதியவர், துணையற்றவர். அயலவரின் பசு பால் தராது போனாலும், குழந்தை நோயுற்றாலும் பழி அவர்கள் மேல் விழுந்தது. இங்கிலாந்திலே தூக்கிலிடப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் என்பர். காலம் மாறிற்று. 1735ஆம் ஆண்டின் சட்டமொன்று மரண தண்டனையை நீக்கியது. மந்திர சக்தி உண்டென்பதையே அச்சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தகைய சக்தி தமக்கு உண்டெனப் பாசாங்கு செய்வோரை ஓராண்டு வரை சிறையிலிடலாம் என்று மட்டும் அது விதித்தது. ஏட்டில் உறங்கிக் கிடந்த அச்சட்டம் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் உயிரோடிருந்தது. ஆவிகளோடு பேசுவதாகக் கூறிய எலன் டங்கன் என்னும் ஸ்கொத்லாந்துப் பெண், 1944ஆம் ஆண்டில் அச்சட்டத்தின்படியே ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றாள். 1951ஆம் ஆண்டிலேதான் அது நீக்கப்பட்டது.

சட்டம் உறங்கிக் கிடந்த காலத்திலே கவிஞரும் அறிஞரும் வேறொரு பணியைச் செய்தனர். பாடசாலைகளில் இலத்தீனும் கிரேக்கமும் கற்ற ஆங்கிலேயர், பைபிளோடு பழங்கிரேக்கரின் தெய்வக் கதைகளையும் படித்தே வளர்ந்தனர். கீற்ஸ் என்னும் கவிஞர் 1818ஆம் ஆண்டில் வெளியிட்ட எண்டிமியன் என்ற காவியம் நிலாத் தெய்வத்தின் காதலைப் பாடுவது. பான் என்னும் ஆட்டுக் கொம்புடைய காட்டுத் தெய்வம் விக்டோரியா மகாராணி காலத்துக் கவிதைகளிலும் கதைகளிலும் அடிக்கடி தலைகாட்டிற்று. தொழிற்சாலைப் புகை நாட்டுப் புறங்களை மூடத் தொடங்கிய காலம் அது. மறைந்து கொண்டிருந்த காட்டையும் வயலையும் எண்ணி ஏங்கிய உள்ளங்களுக்கு அத்தெய்வங்கள் இயற்கையின் உருவங்களாகத் தோன்றினர்.

அதன்மேல் இரு நூல்கள் வந்தன. சார்ள்ஸ் லேலண்ட் என்னும் அமெரிக்கர் இத்தாலிய நாட்டுப்புறத்துச் சூனியக்காரரின் மறைநூல் எனக் கூறி, அராடியா என்ற நூலை 1899ஆம் ஆண்டில் வெளியிட்டார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்திய ஆய்வாளராய் விளங்கிய மார்கிரட் மரே என்னும் அம்மையார் 1921ஆம் ஆண்டில் மற்றொரு நூலை எழுதினார். கல்கத்தாவிலே பிறந்தவர் அவர். சூனியக்காரர் எனக் கொல்லப்பட்டோர் உண்மையிற் கிறித்தவத்திற்கு முற்பட்ட பழஞ்சமயம் ஒன்றின் அடியார்களே என்பதும், அச்சமயம் மறைவாக நெடுங்காலம் நிலவியது என்பதும் அவர் கொள்கை. அக்கொள்கையின் வலிமையும் மெலிவும் பின்னர் விளங்கும். ஆயின், அது பலரின் கற்பனையைக் கவர்ந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வாறு கவரப்பட்டோருள் ஒருவரே ஜெரல்ட் கார்டினர். 1884ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகரின் அருகே செல்வம் மிக்க மரவணிகர் குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே ஆஸ்துமா நோய் அவரை வாட்டிற்று. குளிர் காலத்தில் இங்கிலாந்தில் இருத்தல் ஆகாது என்பதனால், தாதி ஒருத்தியின் பொறுப்பில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்டார். பாடசாலைக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை; தாமாகவே எழுத்தறிந்து நூல்களைப் படித்தார். அத்தாதி இலங்கையிலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரை மணக்க, அவர்களோடு கார்டினரும் 1900ஆம் ஆண்டில் இலங்கை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது.

மஸ்கெலியாப் பகுதியிலே தேயிலைத் தொழிலைக் கற்ற அவ்விளைஞர், பின்னர் ஓட்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள தோட்டமொன்றிலே தனிமையில் வாழ்ந்தார். மஸ்கெலியாவிற்கு மேலே நிமிர்ந்து நிற்பது சிவனொளிபாத மலை. அதன் உச்சியிலுள்ள ஒரே சுவட்டைச் சிவபெருமானின் பாதம் என்று ஒரு சாராரும், புத்தபிரானின் பாதம் என்று ஒரு சாராரும், ஆதி மனிதனின் பாதம் என்று வேறொரு சாராரும் வணங்கி ஒரே படியில் ஏறுகின்றனர். இங்கிலாந்தின் கோயிலூர் ஒன்றிற் காண முடியாத காட்சி அது. சிங்கள மக்களின் பௌத்த சமயத்தில் கார்டினர் மிக்க ஈடுபாடு காட்டினார். 1910ஆம் ஆண்டில் கொழும்பிலுள்ள பிரீமேசன் சங்கமொன்றிற் சேர்ந்தார். கண்ணைக் கட்டி அழைத்துச் செல்லுதல், ஆணையிட்டு மறையைக் காத்தல், மூன்று படிகளாக உயர்தல் என்பன அச்சங்கத்தின் வழக்கங்கள். நாற்பது ஆண்டுகளின் பின்னர் அவர் உலகிற்கு அறிவித்த விக்கா நெறியிலும் தீட்சை மூன்று படிகளாகவே அமைந்தது. கொழும்பிலே கற்றது இங்கிலாந்தின் காட்டிலே பயன்பட்டது எனலாம்.

இலங்கையை விட்டுப் போர்னியோவிற்கும் மலாயாவிற்கும் சென்ற கார்டினர், மலாயாச் சுங்கப் பகுதியிற் பணியாற்றி, மலாய்க் குறுவாளாகிய கிரிசு பற்றி ஆராய்ந்து நூலொன்றும் எழுதி, 1936ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். தென் இங்கிலாந்திலே நியூ பொரஸ்ட் என்னும் காட்டுப் பகுதியின் அருகே குடியேறினார். அங்கே பழஞ்சமயத்தை மறைவாகப் பேணி வந்த ஒரு குழுவினரைச் சந்தித்ததாகவும், 1939ஆம் ஆண்டில் அவர்களிடம் தீட்சை பெற்றதாகவும் பின்னர் அவர் கூறினார். சட்டத்திற்கு அஞ்சி 1949ஆம் ஆண்டில் அச்சமயத்தின் செய்திகளைக் கதையுருவில் வெளியிட்டார். சட்டம் நீங்கிய பின்னர், 1954ஆம் ஆண்டில், அதனை வெளிப்படையாகவே விளக்கும் நூலொன்றை எழுதினார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் வேறெவருமல்லர்; முதிய வயதை எய்தியிருந்த மார்கிரட் மரே அம்மையாரே.

நெறியொன்றை அறிவிப்பவர் ஒருவர். அதற்கு உயிரூட்டுபவர் மற்றொருவர். விக்கா நெறிக்கு உயிரூட்டியவர் டொறீன் வாலியந்தே என்னும் பெண்மணி. கிறித்தவச் சூழலில் வளர்ந்த உள்ளம் ஒன்று பல தெய்வ வழிபாட்டை நோக்கிச் சென்ற பாதையை அவர் வாழ்க்கையிலே தெளிவாகக் காணலாம்.

அவர் 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் திகதி இலண்டனை அடுத்த மிச்சம் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் மெதடிஸ்த குடும்பத்தவர். தாயார் கொங்கிரிகேசனல் சபையைச் சார்ந்தவர். இருவரும் ஊரோடு ஒத்து வாழ விரும்பியவர். நாலுபேர் மதிக்க உயர வேண்டும் என்பதில் நாட்டமுடையவர். சிறுமியாய் இருந்தபோது ஓரிரவு நிலாவை உற்று நோக்கி நின்ற டொறீன், கண்ணாற் காணும் இவ்வுலகின் பின்னே வேறொரு பேராற்றல் இருப்பதாக உணர்ந்ததாகப் பிற்காலத்திற் கூறினார். பதின்மூன்று வயதில், தாயாரோடு வேலை செய்த ஒருத்தி அவரைத் துன்புறுத்தியபோது, அதனைத் தடுக்க நூல்களிற் படித்த மந்திரமொன்றைத் தாமே செய்து பார்த்தார், பலித்ததெனவும் நம்பினார். தாய்க்காகச் செய்த செயல் தாயையே அஞ்ச வைத்தது. பெற்றோர் மகளைக் கன்னியர் மடப் பாடசாலை ஒன்றிற் சேர்த்தனர். அங்கே அவர் மனம் ஒன்றவில்லை. பதினைந்து வயதிலே மடத்தை விட்டு வெளியேறியவர் மீண்டும் அங்கே செல்ல மறுத்துவிட்டார்.

பிள்ளையின் நெஞ்சிலே முளைவிட்ட ஐயத்தைக் கட்டுப்பாட்டினால் அகற்றிவிடலாம் எனப் பெற்றோர் கருதுதல் இயல்பு. அவர்களைக் குறை கூறுதற்கும் இல்லை. தாம் நல்லதென நம்பிய இடத்திலேயே அவர்கள் மகளை விட்டனர். ஆயின், விடையளிக்கப்படாத கேள்வி அடக்கப்படுவதனால் அழிவதில்லை. வேறிடத்திலே விடை தேடிப் புறப்படுகிறது.

போர் வந்தது. டொறீன் அரசாங்கப் பணியிற் சேர்ந்து, பகைவரின் மறைச்செய்திகளை ஆராய்ந்த பிளெச்லி மாளிகை நிலையத்தோடு தொடர்புற்றுப் பணியாற்றினார். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரேக்க மாலுமி ஒருவரை மணந்தார். அதே ஆண்டின் நடுவில் அவர் கடலிலே மறைந்தார். 1944ஆம் ஆண்டிலே கசிமிரோ வாலியந்தே என்பவரை மணந்தார். உள்நாட்டுப் போரினால் ஸ்பெயினை விட்டு ஓடிவந்து, பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து நார்விக் போரிலே காயமுற்றவர் அவர். கணவருக்கு மனைவியின் ஆராய்ச்சியில் நாட்டமில்லை. டொறீன் தாமாகவே மறைநூல்களைத் தேடித் தேடிப் படித்தார்.

1952ஆம் ஆண்டில் வார இதழொன்றிலே, மான் தீவில் அமைந்த சூனியக்கலை நூதனசாலை பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதனைக் கண்ட டொறீன் அந்நிலையத்தாருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கார்டினரிடம் சேர்ந்தது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் இருவரும் சந்தித்தனர். 1953ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பகல் மிக நீண்ட நாளையொட்டி, டொறீன் தீட்சை பெற்றார். மறுநாள் அவர்கள் தொன்மை வாய்ந்த ஸ்ரோன்ஹெஞ்ச் கற்சின்னத்திற்குச் சென்றனர். கணவரிடமும் தாயாரிடமும் ஸ்ரோன்ஹெஞ்சைப் பார்க்கப் போவதாக மட்டுமே டொறீன் கூறியிருந்தார். தீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. முப்பத்தொரு வயதுப் பெண் தன் வாழ்வின் மிகப் பெரிய நிகழ்ச்சியைத் தாயிடம் மறைக்க வேண்டியிருந்தது. சமயம் மாறுவோர் செலுத்தும் விலை பெரும்பாலும் இவ்வாறு மௌனத்திலேயே கட்டப்படுகிறது.

அவர் ஏற்றுக்கொண்ட நெறி யாது? நிலாவோடு தொடர்புடைய பெண் தெய்வமும், காட்டிற்கும் விலங்கிற்கும் உரிய கொம்புடைய ஆண் தெய்வமும் அதன் தலைமைத் தெய்வங்கள். பல நாட்டுப் பல தெய்வங்களும் இவ்விருவரின் வடிவங்களே என்பர் சிலர். இல்லை, அவை ஒவ்வொன்றும் தனித்தனித் தெய்வமே என்பர் வேறு சிலர். கோயில் இல்லை, தரையில் வரையப்படும் வட்டமே கோயில். வட்டத்தினுள்ளே நாற்றிசைக்கும் அழைப்பு விடுக்கப்படும். பூசையை நடத்துவோருள் தலைமை பெண் பூசாரியினுடையது. ஆண்டின் சக்கரம் எட்டு விழாக்களாய்ச் சுழலும். எவருக்கும் தீங்கு செய்யாதிருத்தல் அதன் முதல் ஒழுக்கம். மறுபிறப்பிலும் அவர்களிற் பலருக்கு நம்பிக்கை உண்டு. கிறித்தவர் சாத்தான் என்று கூறும் பாத்திரத்தைத் தாம் வணங்குவதில்லை என்றும், தம் கொம்புத் தெய்வம் அதற்கு மிக முந்தியது என்றும் அவர்கள் வற்புறுத்துவர்.

கிறித்தவ வீட்டிற் பிறந்த ஒருவரை இந்நெறி கவர்ந்ததன் காரணங்களைக் காண்டல் அரிதன்று. இறைமையைத் தந்தை என்றே கேட்டு வளர்ந்த பெண்களுக்குத் தாயுருவாய் அமைந்த தெய்வம் புதிய ஆறுதலாயிற்று. குரு பீடத்திலே பெண்களுக்கு இடமளிக்கத் திருச்சபைகள் பலவும் மறுத்த காலத்தில், இங்கே பெண்ணே பூசை செய்தாள். உடலையும் மண்ணையும் பாவத்தோடு தொடர்புபடுத்திய போதனையாற் சோர்ந்தோருக்கு, உடலும் மண்ணும் புனிதம் என்ற சொல் விடுதலையாயிற்று. ஆயினும், பழைய வளர்ப்பின் சுவடு முற்றும் அழிந்துவிடவில்லை. பீடமும் மெழுகுதிரியும் தூபமும் இங்கேயும் உண்டு. அப்பமும் திராட்ச இரசமும் ஆசீர்வதிக்கப்பட்டுப் பகிரப்படுகின்றன. வீட்டை விட்டு வெளியேறிய பிள்ளை, தன் கையாற் சமைக்கும்போதும் தாயின் சுவையையே தன்னை அறியாது கொண்டுவருவதைப் போன்றது இது.

டொறீன் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் இயல்பினர் அல்லர். கார்டினர் தொன்மையானவை எனக் காட்டிய வழிபாட்டு ஏட்டைப் படித்தபோது, அதிற் பல பகுதிகள் அலெய்ஸ்டர் குரோலி என்னும் அக்காலத்து மாந்திரிக எழுத்தாளரின் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைக் கண்டுகொண்டார். கண்டதை மறைக்காது ஆசிரியரிடமே கேட்டார். தமக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகளே என்றும், இடைவெளியை நிரப்பத் தாமே சிலவற்றைச் சேர்க்க நேர்ந்தது என்றும் கார்டினர் ஒப்புக்கொண்டார். உன்னால் இதனினும் நன்றாகச் செய்யக் கூடுமாயிற் செய் என்ற கருத்துப்படச் சவாலும் விடுத்தார். டொறீன் அச்சவாலை ஏற்றார். குரோலியின் சொற்களை நீக்கி, லேலண்ட் தொகுத்தவற்றிற் சிலவற்றை வைத்துக்கொண்டு, தாமே செய்யுளும் உரைநடையுமாக வழிபாட்டைப் புதுக்கினார். பெண் தெய்வம் தன் அடியாரை நோக்கிப் பேசுவதாய் அமைந்த அவருடைய உரை, இன்று உலகின் பல பாகங்களிலுமுள்ள விக்கா அடியார்களால் ஓதப்படுகிறது. எழுதியவர் எவரென்றே அறியாது ஓதுவோரும் பலர்.

ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையே பிளவு விரைவில் வந்தது. கார்டினர் விளம்பரத்தை விரும்பினார். செய்தித்தாள் நிருபரை அழைத்துப் பேசினார். நிருபர்களோ ஆடையின்றி நடைபெறும் சடங்குகளைப் பற்றிய பரபரப்பையே நாடினர். அடியார்களின் வேலைக்கும் குடும்பத்திற்கும் இதனால் ஆபத்து நேரும் என அஞ்சிய டொறீனும் சிலரும், 1957ஆம் ஆண்டில், விளம்பரத்திற்கு வரம்பு கட்டும் விதிகளை எழுதி முன்வைத்தனர். பழைய விதிகள் முன்னமே உள்ளன என்று கூறிக் கார்டினர் ஓர் ஏட்டை அனுப்பினார். பெண் பூசாரி இளமை நீங்கியதும் தன்னினும் இளையாள் ஒருத்திக்கு இடம்விட்டு விலக வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. இத்துணைத் தொன்மையான விதிகளை இதுகாறும் ஏன் காட்டவில்லை என டொறீன் எண்ணினார். அவை கார்டினரே புனைந்தவை எனத் துணிந்து, தம்மோடு ஒத்தவருடன் குழுவை விட்டு வெளியேறினார். கன்னியர் மடத்தை விட்டு நீங்கிய அதே பெண், தாம் விரும்பிச் சேர்ந்த இடத்தையும் அதே காரணத்திற்காக நீங்கினார். உண்மையல்லாததற்குத் தலை வணங்க அவரால் எங்கும் இயலவில்லை.

ஆயினும், நெறியை அவர் விடவில்லை. 1962ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே அவருடைய தாயார் காலமானார். அதன் பின்னரே டொறீன் தம்மை விக்கா அடியாராக வெளிப்படையாய்க் கூறிக்கொள்ளத் தலைப்பட்டார். பத்திரிகைகளுக்கு எழுதினார், முதல் நூலையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். தாயார் உயிரோடிருந்த வரை அவர் மனம் நோகாதிருக்க வாய்மூடியிருந்த மகள், இறப்பின் பின்னரே விடுதலை பெற்றாள். அவ்விடுதலையோடு, தாய் தன்னை உள்ளவாறு அறியாமலே போய்விட்டாள் என்ற நிலையும் என்றைக்கும் மாறாததாயிற்று. சமய வரலாற்று நூல்கள் கொள்கைகளை விரிவாக எழுதும். இத்தகைய இழப்புகளுக்கு அவற்றில் ஒரு வரிதானும் இருப்பதில்லை.

கார்டினரின் முடிவும் தனிமையானதே. 1964ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆம் திகதி கப்பற் பயணத்தின்போது அவர் இறந்தார். டியூனிஸ் நகரிலே அடக்கம் செய்யப்பட்டபோது உடனிருந்தவர் கப்பற் தலைவர் மட்டுமே. அதற்குள் அவர் விதைத்தது அமெரிக்காவிலும் முளைத்திருந்தது.

இயக்கம் வளர்ந்தபோது, வரலாற்றுச் சோதனையும் வந்தது. 1975ஆம் ஆண்டில் நோர்மன் கோன் என்னும் வரலாற்றறிஞர், மரே அம்மையார் தம் சான்றுகளை எவ்வாறு கையாண்டார் என்பதை ஆராய்ந்தார். குற்றவாளிகளின் வாக்குமூலங்களிலே நடக்கக் கூடியனவாய்த் தோன்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, காற்றிற் பறந்ததும் விலங்காய் மாறியதுமாகிய பகுதிகளை அவர் விட்டுவிட்டார் என்பது வெளியாயிற்று. சூனியக்காரர் எனக் கொல்லப்பட்டோர் பழஞ்சமயத்தின் அடியார் அல்லர். பெரும்பாலும் தம் காலத்து ஏனையோரைப் போன்ற கிறித்தவரே. மாண்டவர் தொகை 90 இலட்சம் என இயக்கத்தினரிடையே வழங்கிய கணக்கும் ஆதாரமற்றதாயிற்று. நியூ பொரஸ்டிற் கார்டினர் குறிப்பிட்ட முதிய டொறதி என்னும் பெண்மணியே ஒரு கற்பனைப் பாத்திரம் என்று ஜெப்ரி ரசல் என்ற அமெரிக்க அறிஞர் 1980ஆம் ஆண்டில் ஐயுற்றார்.

இவ்விடத்தில் டொறீன் செய்த செயல் குறிப்பிடத்தக்கது. அறிஞரைப் பழித்து அறிக்கை விடவில்லை. பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகளைத் தேடிப் புறப்பட்டார். நெடிய தேடலின் பின்னர், டொறதி கிளற்றர்பக் என்னும் பெண் பிரித்தானிய இந்தியாவிலே 1880ஆம் ஆண்டிற் படைத்தலைவர் ஒருவரின் மகளாய்ப் பிறந்ததையும், கார்டினர் கூறிய ஊரிலேயே வாழ்ந்து 1951ஆம் ஆண்டில் இறந்ததையும் பதிவேடுகளைக் கொண்டே நிறுவினார். அவள் கற்பனையல்லள். எனினும், உயிரோடிருந்தாள் என்பது வேறு; பழஞ்சமயத்தின் தலைவியாய் இருந்தாள் என்பது வேறு. பின்னர் பேராசிரியர் ரொனால்ட் ஹற்றன் அவளுடைய நாட்குறிப்புகளை ஆராய்ந்து, அவள் திருச்சபைக்கு உதவிய ஒரு கிறித்தவப் பெருமாட்டியாகவே காணப்படுகிறாள் என்றார். அவர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல், விக்கா நெறி தொன்மையின் எச்சமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிதையும் நாட்டுப்புற ஆய்வும் பிரீமேசன் சடங்கும் மாந்திரிக நூல்களும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் உருவான புதுச் சமயம் என்பதை விரிவாக நிறுவிற்று.

தொன்மை பொய்த்தபோது சமயமும் பொய்த்துவிட்டதா? இதற்கு டொறீன் முன்னமே ஒருவகை விடை அளித்திருந்தார். 1978ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே, குருவின்றித் தாமே தீட்சை பெற விரும்புவோர்க்கான சடங்கொன்றை அவர் வகுத்தார். முதன்முதலில் தீட்சை பெற்றவருக்குத் தீட்சை அளித்தவர் யார் என்பதே மறுப்போர்க்கு அவர் விடுத்த வினாவின் கருத்து. 1989ஆம் ஆண்டில் எழுதிய தம் நினைவு நூலிலே, கார்டினரின் குறைகளையும் அவர் புனைந்தவற்றையும், அவர்மீது தாம் கொண்டிருந்த அன்பையும் ஒருங்கே பதிவு செய்தார். நெறியின் பெருமை அதன் வயதில் இல்லை. அதன் வழி நடப்போரின் வாழ்க்கையிலேயே உள்ளது என்பது அவர் வாழ்ந்து காட்டிய கருத்தாகும். தொன்மையாற் பெருமை தேடுதல் எல்லாச் சமயத்தார்க்கும் மொழியினர்க்கும் உள்ள ஆசைதான். அவ்வாசைக்காக ஏடுகளைப் புனைந்தாரையும் வரலாறு கண்டிருக்கிறது. ஏடுகளைத் தேடி உண்மையை நிறுவ உழைத்தாரையும் கண்டிருக்கிறது. ஒரே இயக்கத்துள்ளே இரு திறத்தாரும் இருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் சுவை.

டொறீன் வாலியந்தே 1999ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆம் திகதி மறைந்தார். பிறைற்றன் நகரிலே அவர் எளிமையாக வாழ்ந்த மாநகரசபை மாடிக் குடியிருப்பின் சுவரிலே 2013ஆம் ஆண்டில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 13,000 பேர் தம் சமயம் விக்கா எனவும், 74,000 பேர் பழந்தெய்வ நெறியினர் எனவும் பதிந்தனர். அமெரிக்க அரசாங்கம் 2007ஆம் ஆண்டு முதல், போர்வீரரின் கல்லறைக் கல்லிலே விக்காவின் சின்னமாகிய ஐங்கோண நட்சத்திரத்தைப் பொறிக்க இடமளித்தது. ஒரு காலத்திலே தூக்குமரத்தை நினைவூட்டிய பெயர், கல்லறைக் கல்லிலே மதிப்போடு இடம்பெற்றது.

இத்தொகை பெரிதன்று. கிறித்தவம் அந்நாட்டின் வாழ்விலே ஆற்றிய பணிக்கும் அளித்த கலைக்கும் இதனால் யாதொரு குறைவும் இல்லை. ஆயினும், ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்கும் கோல், பெருந்தொகையினர் எவ்வாறு வழிபடுகின்றனர் என்பது மட்டுமன்று; சிறு தொகையினர் எத்துணை அச்சமின்றி வழிபடுகின்றனர் என்பதும் ஆகும். தன் பிள்ளை வேறு வழியிற் செல்வதைக் காணும் பெற்றோர்க்கும், பெற்றோர் வழியை விட்டுச் செல்லும் பிள்ளைக்கும் டொறீன் வாழ்க்கை ஒன்றைச் சொல்லாமற் சொல்கிறது. ஸ்ரோன்ஹெஞ்ச் செல்வதாக மட்டும் தாயிடம் கூறிப் புறப்பட்ட அந்த நாளில், உண்மையைச் சொல்லவும் அதனைக் கேட்கவும் இருவருக்கும் இடமிருந்திருக்குமாயின், அவ்வீட்டிலே ஒன்பது ஆண்டு மௌனம் குடியிருந்திராது.